உங்கள உலுக்குன கிறிஸ்தவ புத்தகம் எது? அனுபவம் சொல்லுங்க (சுங்கை சிப்புட் சைடு)

லயத்து மருமக:
எங்க அத்தை சின்ன வயசுலேர்ந்து பால்மரம் சீவுனவங்க, எழுத படிக்க தெரியாது. கண்ணு ஆபரேஷன் பண்ணி வீட்டோட இருக்காங்க, மோட்ச பிரயாணம் படிச்சி காட்டுன்னு கேட்டாங்க. ஒருத்தன் ஊர விட்டு மோட்சத்துக்கு நடந்து போற கதை, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கிறிஸ்தியான் முதுகுல சுமையோட கெளம்புற எடம் வந்துச்சு, பொண்டாட்டி புள்ளைங்க திரும்பி வா வான்னு கத்துறாங்க, அவன் காதுல வெரல விட்டுக்கிட்டு நித்திய ஜீவன் நித்திய ஜீவன்னு கத்திக்கிட்டே ஓடுறான். வெத்தல இடிச்சிக்கிட்டு இருந்த அத்தை அப்படியே நிறுத்திட்டாங்க. “வீட்ல அரிசி இருந்துச்சா?” யாருக்குத்தேன்னேன். “அந்த பொம்பளைக்கு. அவன் ஓடுறப்ப வீட்ல அரிசி இருந்துச்சா இல்லையா, போட்டிருக்கா?” போடலத்தே. “அப்ப மூடி வையி.”

மாமா சிங்கப்பூருக்கு வேலைக்கு போறேன்னு போயி திரும்பாதவரு, அது எனக்கு அப்பதான் மண்டைல ஏறுச்சு. பாஸ்டர்கிட்ட கேட்டா அது உவமைம்மா-ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. எனக்கு முடியல.

பழைய தண்டல் மகன்:
பாஸ்டர் சொன்னது கரெக்ட்தான் சிஸ்டர். உவமைல போயி அரிசி கணக்கு கேட்டா எப்படி? எழுதுன ஜான் பனியன் ஓட்ட பாத்திரம் அடைக்கிற ஆளு, அனுமதி இல்லாம பிரசங்கம் பண்ணாருன்னு பெட்ஃபோர்ட் ஜெயில்ல 12 வருஷம் போட்டாங்க. இனி பிரசங்கம் பண்ணமாட்டேன்னு சொல்லியிருந்தா வெளிய வந்திருக்கலாம், சொல்லல. அதான் விசுவாசம்.

நைட் ஷிப்ட் ஜெனி:
அண்ணே, நீங்க சொன்னது அந்த அத்தைக்குதான் சப்போர்ட்டு. பனியனுக்கு கண்ணு தெரியாத பொண்ணு ஒன்னு வெளிய இருந்துச்சு, இவரு உள்ள உக்காந்து பூட்ஸ் கயிறு செஞ்சு வித்துதான் குடும்பத்துக்கு குடுத்தாரு. அரிசி கணக்கு அவருக்கே தெரியும்.

என் கதை வேற. தைப்பிங் பக்கம் பேக்டரி வேலைல இருந்தப்ப ஹாஸ்டல்ல மூட்டப்பூச்சி, ஷிப்ட் முடிஞ்சி வந்தா தூக்கமே கெடையாது. ரூம்மேட், ஹாலந்து நாட்டு கோரி டென் பூம்ங்குற அம்மாவோட சாட்சி புத்தகத்த குடுத்தா. யூதர்கள வீட்ல ஒளிச்சி வச்சதுக்கு நாஜிக்காரங்க 1944ல அவங்களையும் அக்காவையும் புடிச்சி கடைசில ஜெர்மனில ராவன்ஸ்ப்ரூக் கேம்ப்ல போடுறாங்க, கொட்டகை பூரா தெள்ளுப்பூச்சி, அக்கா பெட்சி அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்குறாங்க. கோரிக்கு மனசே வரல. பின்னாடிதான் தெரியுது, பூச்சிக்கு பயந்து காவல்காரங்க உள்ள வராததால தான் அவங்க பைபிள் படிக்க முடிஞ்சிருக்கு. அந்த எடத்துல எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், புக்கால கட்டில்ல ஓங்கி அடிச்சேன், ஒரு மூட்டப்பூச்சி நசுங்கி அந்த பக்கத்துலயே செவப்பா ஒட்டிக்கிச்சு, கறை இன்னும் இருக்கு. ஸ்தோத்திரம்லாம் சொல்லல, வார்டன்கிட்ட சண்ட போட்டு மருந்து அடிக்க வச்சோம். பெட்சி அந்த டிசம்பர்லயே கேம்ப்ல செத்துட்டாங்க. சபைல பூச்சி கதைய மட்டும்தான் சொல்வாங்க, இத விட்டுருவாங்க, எனக்கு அதுதான் உறுத்துது.

பழைய தண்டல் மகன்:
ஜெனி தங்கச்சி, முடிவையும் சேத்து படிங்க, கோரி வெளிய வந்து எத்தன நாட்டுல சாட்சி சொன்னாங்க. பாதில கோவப்பட்டா எந்த புக்கும் பிரயோஜனப்படாது.

நைட் ஷிப்ட் ஜெனி:
முழுசா படிச்சிட்டுதான்ணே கோவப்படுறேன்.

ஸ்தோத்திரம் அங்கிள்:
சிஸ்டர், பெரியவங்களுக்கு படிச்சி காட்டுறதுன்னா மொதல்ல சங்கீதம், அப்புறம் ரூத், அதுக்கு அப்புறம்தான் இந்த மாதிரி கதை. ஒரே மூச்சுல படிக்காதீங்க, சாப்பிட்ட ஒடனே படிக்காதீங்க தூங்கிருவாங்க. கண்ணு ஆபரேஷன்னா சொட்டு மருந்து நேரம் தவறக்கூடாது, கண்ண கசக்க விடாதீங்க, காலைல வெயில்ல கோழிக்கு தீனி போட போறேன்னு நிப்பாங்க, விடாதீங்க. இன்னொன்னு, பனியன் மொத பாகத்த 1678ல போட்டாரு, 1684ல ரெண்டாம் பாகம் போட்டாரு, அதுல அந்த பொண்டாட்டியே நாலு பையன்களோட மோட்சத்துக்கு கெளம்புறாங்க, அத படிங்க. தமிழ்ல கவிதையா வேணும்னா கிருஷ்ண பிள்ளையோட இரட்சணிய யாத்திரிகம் இருக்கு, 1894ல வந்தது, இதே கதைதான். என் அனுபவம் கேட்டா, எங்கப்பா லயத்து வாசல்ல உக்காந்து அத ராகம் போட்டு பாடுவாரு, எனக்கு ஒன்னும் புரியாது.

லயத்து மருமக:
அங்கிள், சொட்டு மருந்து கரெக்டாதான் போடுறோம் லா. கோழி இல்ல.

ரெண்டாம் பாகத்த பத்தி அத்தைகிட்ட சொன்னேன். “அவன் திரும்பி வந்து கூட்டிட்டு போனானா?” இல்லத்தே, அந்தம்மா புள்ளைங்கள கூட்டிக்கிட்டு தானாத்தான் கெளம்புறாங்க. “அப்ப அத படி.” என்கிட்ட இருக்கிறது மொத பாகம் மட்டும்தான். யார்கிட்டயாவது தமிழ்ல ரெண்டாம் பாகம் இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சி நானே வந்து வாங்கிக்கிறேன். கரையான் அரிச்சதா இருந்தாலும் பரவால்ல, எழுத்து தெரிஞ்சா போதும்.