சாருனாஸ் யாசிகேவிசியஸ்: யூரோலீக்கில் ராஜா, என்பிஏவில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

கேள்வி:
லித்துவேனியக் கூடைப்பந்து ஆட்டக்காரர் யாசிகேவிசியஸுக்கு 2003ல் பார்சிலோனா, 2004, 2005ல் மக்காபி டெல் அவிவ், 2009ல் பனாதினைகோஸ் என்று மூன்று கிளப்புகளில் நாலு யூரோலீக் (ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டி) பட்டம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிராக 28 புள்ளி. இப்படிப்பட்டவர் 2005ல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் இந்தியானா பேசர்ஸுக்குப் போய் இரண்டே சீசனில் ஐரோப்பா திரும்பிவிட்டார். வேகம் பத்தவில்லை என்பது மட்டும்தானா? அப்புறம் கோச்சாக எப்படி இவ்வளவு தூரம் வந்தார்?

நடுக்கோடு:
வேகக் குறைவு உண்மைதான். ஆனால் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது ரூல். ஐரோப்பாவில் சென்டர், அதாவது ரிங்கைக் காக்கும் உயரமான ஆள், ரிங்குக்கு அடியிலேயே நிற்கலாம். மெதுவான கார்டை (வெளியே நின்று பந்தை நடத்துகிறவர், இவர் ஆடிய இடம்) தாண்டி எவனாவது உள்ளே வந்தாலும் அங்கே மாட்டுவான். என்பிஏவில், பக்கத்தில் ஆளைக் காவல் காக்காமல் பெயின்ட்டில் (ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டம்) 3 விநாடிக்கு மேல் நின்றால் டெக்னிக்கல் ஃபவுல். போதாததற்கு 2004-05 சீசனிலிருந்து வெளியே கையை வைத்துத் தடுப்பதையும் கறாராக விசில் ஊத ஆரம்பித்தார்கள். டிஃபென்ஸில் அவருக்கு ஒளிய இடமே இல்லை.

ஸ்க்ரீன்பாய்:
அட்டாக்கில் அவர் பலம் பிக் அண்ட் ரோல்: கூட ஆடுகிறவன் குறுக்கே நின்று காவலைத் தடுப்பான் (அதுதான் ஸ்க்ரீன்), பிறகு திரும்பி ரிங்கை நோக்கி ஓடுவான் (அதுதான் ரோல்). ஸ்க்ரீனைத் தாண்டியதும் ஓடமாட்டார். தன்னைக் காத்தவனை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு மெதுவாக நகருவார். எதிரணி சென்டர் ஏறி வந்தால் ரோல் போகிறவனுக்கு பாஸ். பின்வாங்கினால் ஷாட். மூலையிலிருந்து மூன்றாவது ஆள் உதவிக்கு ஒரு அடி எடுத்தால் பந்து அந்த மூலைக்கே போய்விடும். இதைக் காப்பி அடிக்கும் பசங்க அவசரப்பட்டு, சென்டர் முடிவெடுக்கும் முன்னாடியே பாஸை விட்டுவிடுவார்கள். அங்கேதான் பந்து பறிபோகும். இந்த ஆட்டத்துக்குப் பந்து கையில் இருக்கணும். பேசர்ஸில் அது நிறைய நேரம் கிடைக்கவில்லை.

கௌனாஸ்76:
கோச்சிங் பக்கம்: 2014ல் லித்துவேனிய கிளப்பான ஷால்கிரிஸில் உதவி கோச், 2016 ஜனவரியில் தலைமை. காசு குறைந்த அந்த கிளப்பை வைத்துக்கொண்டு 2018ல் ஒலிம்பியாகோஸை 3-1 என்று வெளியேற்றி யூரோலீக்கின் கடைசி நாலு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் போனார். செமியில் தோற்கடித்தது கோச் ஒப்ரடோவிச்சின் துருக்கி கிளப் ஃபெனர்பாஹ்சே. ஒப்ரடோவிச் பனாதினைகோஸில் இவருக்கே கோச்சாக இருந்தவர்! 2021 ஃபைனலில் பார்சிலோனா கோச்சாக துருக்கியின் எஃபெஸிடம் 81-86 என்று தோற்றார். அன்றைக்கு எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) மிசிச், ஷால்கிரிஸில் இவரிடம் ஆடிய கார்டு.

நடுக்கோடு:
2023 டிசம்பரில் ஃபெனர்பாஹ்சே கோச் ஆனார், 2025ல் அபுதாபியில் யூரோலீக் ஃபைனலில் மொனாக்கோவை 81-70 என்று வென்றார். எதிர் பெஞ்சில் கோச் ஸ்பனூலிஸ், 2009 பட்டத்தில் இவரோடு சேர்ந்து ஆடியவர். எம்விபி ஹேய்ஸ்-டேவிஸ் ஷால்கிரிஸ், பார்சிலோனா இரண்டிலும் இவரிடம் ஆடியவர். தனக்குப் பழகின ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் இவர் டீம் கட்டுகிற விதம் என்று எனக்குப் படுகிறது.