தீவில் இருப்பவர்களோடு பேச முயன்ற அனுபவங்கள்

கல்லல் வாசகி:

என் அண்ணன் நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் உள்ள கச்சாலில் ஆசிரியராக இருந்தார். 2017 ஐப்பசியில் எங்கள் அப்பத்தாவுக்கு முடியாமல் போய், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, பட்டாலையில் கட்டிலைப் போட்டு, ஆளுக்கொரு நேரமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கப்பல் கிடைத்துப் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து சென்னை வந்து, அண்ணன் ஊர் சேர்வதற்குள் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் குரலையாவது கேட்கட்டும் என்று இரண்டு நாட்களாக அழைத்துக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் மாலையில் இணைப்புக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் அத்தீவுகளின் பேச்சு செயற்கைக்கோள் வழியாகத்தான் போய்வந்தது என்பது இங்கே எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 36,000 கி.மீ. மேலே போய், அதே தூரம் கீழே இறங்கி வருகிற குரலுக்குக் கால் நொடி பிடிக்கும். மறுமொழிக்கு இன்னொரு கால் நொடி. இளையவர்களுக்கு அந்த அரை நொடி பழகிவிடும், அப்பத்தாவுக்குப் பழகவில்லை. அவர் பேசிவிட்டுக் காத்திருப்பார். சத்தம் வராததால் மறுபடி பேசத் தொடங்குவார். சரியாக அந்த நேரத்தில் அண்ணனின் பதில் வந்து விழும். இருவரும் ஒன்றாகப் பேசி, இருவரும் ஒன்றாக நிறுத்துவார்கள். "ஏம்ப்பா பேச மாட்டேங்கிறே?" என்று மூன்று முறை கேட்டார். அதன்பின் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். அது அண்ணனைச் சேரவில்லை. "என்ன அப்பத்தா, என்ன கேட்டீங்க?" என்று அவர் கத்தியது, போனை அப்பத்தாவின் காதில் பிடித்திருந்த எனக்குக் கேட்டது. அப்பத்தா திரும்பச் சொல்லவில்லை. போனை என் கையோடு தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளைத் தொடங்கிவைத்தபோது, தொலைக்காட்சியில் ஓடிய தீவுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து சுவராஜ் தீப், லாங் ஐலண்ட், ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் என்று ஏறத்தாழ 2,300 கி.மீ. அந்தப் பெயர்களில் கச்சால் இல்லை. கமோர்ட்டாவுக்குப் பக்கத்துத் தீவுதான் அது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்திய தீவும் அதுவே. கேபிள் கரையேறிய தீவிலிருந்து அடுத்த தீவுக்கு இணைப்பைக் கொண்டுபோவதில் உங்களில் யாருக்காவது நேரடி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

கச்சாலுக்கு நான் போனதில்லை. 2022இல் கட்டட வேலை ஒன்றுக்காகச் சிறிய அந்தமானில் நாற்பது நாட்கள் இருந்தேன். அது கேபிள் கரையேறிய தீவு என்பதைக் கவனியுங்கள். ஹட் பே படகுத்துறைப் பக்கம் வேகத்துக்குக் குறைவில்லை. காரைக்குடியில் இருக்கும் மனைவியோடு முகம் பார்த்துப் பேசினேன். நாங்கள் தங்கிய குடியிருப்பு அங்கிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு டவர்.

ஒருநாள் இரவு மின்சாரம் போய், கொஞ்ச நேரத்தில் டவர் உச்சியின் சிவப்பு விளக்கும் அணைந்தது. நான் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு நின்ற கடையில், அந்தக் கடைக்கார அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல், பணம் செலுத்துவதற்காக முன்னால் நிறுத்தியிருந்த கியூஆர் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். என்னிடம் ரொக்கம் இல்லை. பொருளை எடுத்துப் போங்கள், நாளை தாருங்கள் என்றார். மறுநாளும் விளக்கு எரியவில்லை. ஜெனரேட்டருக்கான டீசல் கப்பலில் வர வேண்டும், கப்பலோ பலத்த காற்றால் புறப்படாமல் நின்றுவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள்தான் அவருடைய பணத்தைக் கொடுத்தேன். அந்த அட்டையைக் கவிழ்த்த கையின் பழக்கம்தான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் அதைப் பலமுறை செய்தவர்.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்களின் ஊர் நம்முடையது. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதம் வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. அதனால் சொல்கிறேன்: கேபிள் வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. எல்லாத் தீவுகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிளையே கொண்டுபோக வேண்டும். செயற்கைக்கோளை நம்பிய காலம் முடிந்துவிட்டது.

கண்டனூர் ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்:

மேலே எழுதியவரின் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பின்பு, புதுக்கோட்டை மாவட்டக் கிராமம் ஒன்றுக்கு உதவிக்காகப் போயிருந்தேன். டவர் சாயாமல் நின்றது, கேபிளும் அறுபடவில்லை, ஆனால் மின்சாரம் இல்லை. திருமண மண்டபத்து ஜெனரேட்டரின் முன்னால் நூறு பேர் சார்ஜருடன் வரிசையில் நின்றார்கள். மின்னேற்றிய போனை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர், "இதுல யாரைப்பா கூப்பிடுறது, டவருக்குத்தான் உசுரு இல்லையே" என்றார். தரையோடு சேர்ந்த ஊருக்கே அந்த நிலை.

இப்போது செயற்கைக்கோளுக்கு வருகிறேன். 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்தபோது, வெளியுலகத்தோடு ஒரே கேபிளால் இணைந்திருந்த டோங்கா நாட்டில் அது அறுந்தது. பழுதுபார்க்கும் கப்பல் வந்து முதன்மைக் கேபிளை ஒட்ட ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிள் 2023இல்தான் சரியானது. இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்கு உதவியது செயற்கைக்கோள். ஆகவே கேபிள் வந்த தீவில் பழைய செயற்கைக்கோள் நிலையத்தைக் கழற்றி எடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறையாவது இயக்கிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் புதிய வகைச் செயற்கைக்கோள்களில் கல்லல் சகோதரி எழுதிய அந்த அரை நொடித் தாமதமும் இருக்காது.

தீவிலிருந்து அடுத்த தீவுக்கு இணைப்பைக் கொண்டுபோவது பற்றிச் சகோதரி கேட்ட கேள்விக்கு என் பதில் மைக்ரோவேவ் எனும் ரேடியோ அலை இணைப்பு. ஒரு தீவின் டவரிலிருந்து அடுத்த தீவின் டவருக்கு நேர்பார்வை இருந்தால் போதும். ஆனால் கடலுக்கு மேல் செல்லும் அலையில் ஒரு பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பி, நேராக வரும் அலையோடு மோதி அதை அழிக்கும். ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறி இறங்குவதற்கேற்ப இந்த மோதலும் மாறிக்கொண்டே இருக்கும். இதனால் ஒரே டவரில் வெவ்வேறு உயரங்களில் இரண்டு ஆன்டெனாக்கள் வைப்பார்கள். ஒன்றில் அழிந்தது மற்றொன்றில் கிடைக்கும். இந்த இரண்டாவது ஆன்டெனாவைச் செலவு என்று நினைத்து விட்டுவிட்டால் வருடம் முழுவதும் புகார்தான் வரும்.

டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியத் தகடும் பேட்டரியும் வைக்கும்போது, மழைக்காலத்தில் தொடர்ந்து பல நாட்கள் வெயில் இல்லாமல் இருப்பதைக் கணக்கில் எடுத்து அளவைத் தீர்மானிக்க வேண்டும். சென்னையின் வெயிலை வைத்துக் கணக்கிடக் கூடாது. உதிரிப் பாகங்கள் தீவிலேயே பூட்டிய அறையில் இருக்க வேண்டும். அந்தத் தீவில் பிறந்த இரண்டு பேருக்காவது அவற்றை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, வெளியே போகும் வழி அறுந்தாலும் தீவுக்குள் ஒருவரையொருவர் அழைக்க முடிவதற்கான இணைப்பகத்தைத் தீவிலேயே வைக்க முடியும். அது இல்லாத இடத்தில், பக்கத்துத் தெருவில் இருக்கும் செவிலியரை அழைக்கும் அழைப்புகூடக் கடல் கடந்து போய்த்தான் திரும்ப வேண்டும்.

குன்றக்குடி செவிலியர்:

ஐயா எழுதியதில் பெரும்பகுதி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் இணைப்பு இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே பார்க்கிறீர்கள். நான் பார்த்த இரவில் இணைப்பு இருந்தது, டவரும் உயிரோடு இருந்தது.

லட்சத்தீவின் ஒரு தீவில், கேபிள் வருவதற்கு முன்பு, ஒப்பந்தப் பணியில் இருந்தேன். நெஞ்சுவலியோடு ஒரு மீனவரை இரவு எட்டரை மணிக்குக் கொண்டுவந்தார்கள். இசிஜி எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து, கொச்சியில் இருக்கும் இதய மருத்துவருக்கு அனுப்பினோம். ஹெலிகாப்டர் கேட்பதா, இங்கேயே ஊசி போடுவதா என்பதை அவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். படத்தின் மேல் அந்தச் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி ஒன்பது, தீவு முழுவதும் போனும் கையுமாக இருக்கிற நேரம். அந்தக் குறுகிய வழியில் எங்கள் படமும் மற்றவர்களின் திரைப்படங்களும் ஒரே வரிசையில் நின்றன. மீனவரின் மனைவி வாசலில் நின்றபடி, "எத்தியோ? எத்தியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பொருள். நான் ஒவ்வொரு முறையும் தலையை மட்டும் அசைத்தேன்.

கடைசியில் எங்கள் மருத்துவர் இசிஜி அலைகளின் உயரத்தையும் இடைவெளியையும் தொலைபேசியில் வாயால் சொல்ல, அங்கே அவர் கேட்டு எழுதிக்கொண்டு முடிவு சொன்னார். மீனவர் பிழைத்தார். படம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

2024 ஜனவரி 3 அன்று கொச்சி–லட்சத்தீவுக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. பதினொரு தீவுகளுக்கும் அதுவரை செயற்கைக்கோள் வழியாகக் கிடைத்தது மொத்தம் நொடிக்கு 1.7 ஜிகாபிட், கேபிளில் அது 200 ஜிகாபிட். எண்ணைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனாலும் ஐயா சொல்வது போல அந்தக் கேபிள் ஒருநாள் அறுந்து, பழைய குறுகிய வழிக்கே திரும்ப நேர்ந்தால், அந்த வரிசையில் முதலில் நிற்பது யார் என்பதை அன்றைக்கு யாரும் கூடி முடிவெடுத்துக்கொண்டிருக்க முடியாது. மருத்துவமனையின் அழைப்புகளுக்கும் படங்களுக்கும் முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு இப்போதே கருவிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆன்டெனாவைப் பற்றி அவ்வளவு எழுதியவர் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

காரைக்குடி, செக்ரி சாலை:

சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தமானில் டவர் பராமரிப்புக்குப் போய்வந்த என் மைத்துனர், விடுமுறையில் வந்தபோது ஒரு போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். விரலால் தேய்த்ததும் பொரிவிளங்காய் உருண்டை உதிர்வது போல உதிர்ந்தது. பொருத்தி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டேன். மூன்று என்றார்.

நம்முடைய ஊரில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. உப்புக்காற்றில் எந்த உலோகம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைச் சோதிக்க மண்டபம் கடற்கரையில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. துருவைப் பற்றிய அவ்வளவு அறிவை நம் தெருவிலேயே வைத்துக்கொண்டு, அந்த உருண்டையை நான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீவு டவருக்கு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் போல்ட்டின் துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான் என்ற வரியைத் தவறாமல் எழுதட்டும்.

தேவகோட்டை ரஸ்தா:

செயற்கைக்கோளைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். டோங்காவின் நிலை எனக்கு நினைவில் இல்லை. ஆனால் கண்டனூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த இரண்டு உள்ளூர்க்காரர்களுக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பது? பயிற்சி கொடுத்துவிட்டுக் கைவிட்டால், அவர்கள் அடுத்த கப்பலில் சென்னைக்கு வேலை தேடி வந்துவிடுவார்கள். என்னோடு கட்டட வேலை பார்த்த பையன் ஒருவன் அப்படி வந்தவன்தான்.

கல்லல் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் கச்சாலை விட்டு மாறுதலாகி, போர்ட் பிளேரில் இருக்கிறார். 2024இலிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். நேற்று இரவு நீங்கள் எழுதிய அனைத்தையும் போனிலேயே அவருக்கு வாசித்துக் காட்டினேன். இடையில் ஒருமுறைகூட நாங்கள் இருவரும் ஒன்றாகப் பேசி நிறுத்தவில்லை. இரண்டு ஆன்டெனா பற்றிய பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஓதம் ஏறுகிற நேரத்தில் சிக்னல் கெடுவதாகக் கச்சாலில் அவருடைய மாணவர்கள் சொல்வார்களாம். அதைக் குழந்தைகளின் கற்பனை என்று நினைத்திருந்தாராம்.

அதன்பின், அன்றைக்கு அப்பத்தா கடைசியில் கேட்டது என்ன என்று என்னைக் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "அங்கே குடிக்க நல்ல தண்ணி கெடைக்குதா" என்று கேட்டார் என்றேன்.

கிடைத்தது என்றார் அண்ணன். பள்ளிக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்ததாம், நம்முடைய ஊருணித் தண்ணீரைப் போலவே இருக்குமாம்.