புள்ளி மென்பொருளை ஆசிரியர்களுக்குப் பழக்க ஒரு பேய்ப் பள்ளிக்கூடம்: ஆலோசனை தேவை

கேள்வி
எழுதியவர்: தலவாக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். இவ்வாண்டிலிருந்து தவணைப் பரீட்சைப் புள்ளிகளை இலத்திரனியல் விரிதாளில் பதிகிறோம். ஆனால் வகுப்பாசிரியர் புள்ளிகளைப் பதிந்து, கூட்டுத்தொகையும் நிலையும் வந்து, தேர்ச்சி அறிக்கை அச்சானவுடன் அந்தக் கோப்பின் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த தவணை வரை ஒருவரும் அதைத் திறப்பதில்லை. எந்தப் பிள்ளை எந்த அலகில் தடுமாறுகிறது என்பது அதற்குள்ளேயே இருக்கும்போது, அதைப் படித்தெடுக்க எங்கள் ஆசிரியர்களைப் பழக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

ஒக்டோபர் 31ஆம் திகதி பாடசாலை முடிந்த பிறகு ஒரு மணிநேரப் பயிற்சிக்கு அதிபர் அனுமதி தந்திருக்கிறார். அன்று மேலைநாடுகளில் பேய் வேடமும் பூசணி விளக்குமாகக் கொண்டாடும் ஹலோவீன் என்பதால், நம் பிள்ளைகளின் புள்ளிகளைத் திரையில் காட்டுவதற்குப் பதிலாக வேதாளம், குட்டிச்சாத்தான், எலும்புக்கூடு, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் படிக்கும் ஒரு கற்பனை வகுப்பை விரிதாளில் உருவாக்க நினைத்திருக்கிறேன். தொலைபேசியில் ஹலோவீன் வேடங்களைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் தரம் 8 பிள்ளைகளுக்கும் அதே தரவைக் கொண்டு வரைபுகள் வரையக் கற்பிக்கலாம். அந்தத் தரவில் எதை வைத்தால் ஆசிரியர்கள் உண்மையில் பயனடைவார்கள்? பேய் என்ற பேச்சைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

பதில் 1
எழுதியவர்: ஹட்டன் கணித ஆசிரியர்

டீச்சர், அந்தத் தரவில் பிழைகளைத் திட்டமிட்டு வையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. சுத்தமான தரவைக் கொடுத்தால் ஆசிரியர்கள் பொத்தானை அழுத்தப் பழகுவார்களே தவிர, திரையில் வரும் எண்ணை நிறுத்திக் கேள்வி கேட்கப் பழகமாட்டார்கள்.

பத்துப் பேய்கள் எழுதவேண்டிய கணிதப் பரீட்சையில் எட்டுப் பேய்கள் 78, 74, 71, 69, 66, 64, 62, 60 என்று புள்ளி பெற்றிருக்க, மற்ற இரண்டும் அன்று வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வராதவர்களின் கலங்களை வெறுமையாக விட்டால் மென்பொருள் இடையை 68 என்று தரும். அதே கலங்களில் பூச்சியம் இட்டால் 54.4 என்று தரும், ஏனென்றால் இடை காணும் சார்பு வெற்றுக் கலத்தை விட்டுவிடும், பூச்சியத்தையோ ஒரு புள்ளியாகவே எண்ணிக்கொள்ளும். கற்பித்தலில் ஒரு மாற்றமும் இல்லாமல் வகுப்பு பீ தரத்திலிருந்து சீ தரத்துக்கு இறங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் வரவு குறையும் மலைப் பாடசாலைகளில் இது அடிக்கடி நேரக்கூடியது என்பதால், இந்த ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டு ஆசிரியர்கள் வீட்டுக்குப் போனாலும் உங்கள் ஒரு மணிநேரம் வீண் போகாது.

இன்னொரு பேயையும் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் வேலை தேடிக் கொழும்புக்குப் போனதால் பாடசாலையை விட்டு விலகிய பிள்ளையின் நிரை கோப்பில் அப்படியே இருந்துவிடுவதுண்டு. வரவு இடாப்பில் இல்லாத அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதையே அன்றைய பேய் வேட்டையாக வைக்கலாம். ஒரே பெயரில் இரண்டு வேதாளங்கள் இருந்தால், பெயரை நம்பாமல் சேர்வு இலக்கத்தைக் கொண்டு பிள்ளைகளை அடையாளம் காண வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும்.

இவை ஆயத்த வேலை. பரீட்சையின் மொத்தப் புள்ளியை மட்டும் பதிந்தால் மென்பொருளிடமிருந்து அதற்கு மேல் பெறுவதற்கு ஒன்றும் இல்லை. வினாவுக்கு ஒரு நிரல் வையுங்கள். ஒவ்வொரு வினாவையும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்பதை எழுதியவர்களின் தொகையால் வகுத்துப் பாருங்கள். வெறும் எண்களாகக் கொடுத்த பின்னப் பெருக்கலைப் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகச் செய்து, அதே பெருக்கலை ‘ஒரு தோட்டத்தின் நான்கில் மூன்று பங்கில் தேயிலை நடப்பட்டுள்ளது, அதில் ஐந்தில் இரண்டு பங்கு கவ்வாத்து வெட்டப்பட்டது’ என்று வசனத்தில் கேட்டபோது விட்டிருந்தால், அந்த வகுப்புக்குப் பெருக்கலை மறுபடி கற்பிப்பதால் பயனில்லை. வசனத்தை வாசித்துக் கணிதக் கூற்றாக எழுதுவதைத்தான் கற்பிக்க வேண்டும், அதில் தமிழ் ஆசிரியருக்கும் பங்கு உண்டு. இரண்டு பிள்ளைகள் ஒரே 48 புள்ளியை வெவ்வேறு காரணங்களால் பெற்றிருக்கலாம் என்பதை மொத்தப் புள்ளி ஒருபோதும் சொல்லாது, வினாவாரியான நிரல் சொல்லும். பரிகாரக் கற்பித்தலுக்கு யாரைச் சேர்த்து உட்காரவைப்பது என்பதை அங்கிருந்துதான் தீர்மானிக்க முடியும்.

தரம் 8 பிள்ளைகளுக்கு அந்த எட்டுப் பேய்களே போதும். சாதாரண தரப் பரீட்சையின் எல்லைகளின்படி 75உம் அதற்கு மேலும் ஒரு பேயும், 65 முதல் 74 வரை நான்கும், 50 முதல் 64 வரை மூன்றும் இருப்பதால் வட்ட வரைபில் கோணங்கள் 45, 180, 135 பாகையாகச் சுத்தமாக வந்துவிடும். அந்த வட்ட வரைபையே செம்மஞ்சள் நிறத்தில் பூசணியாக வரையச் சொல்லுங்கள். பாதிப் பூசணி பீ தரத்துக்குப் போய்விடும்.

பதில் 2
எழுதியவர்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

மேலே சேர் சொன்ன வினாவாரிப் பகுப்பாய்வை நானும் வலியுறுத்துகிறேன். அதன் அடுத்த படி, நன்றாகச் செய்த பிள்ளைகளையும் பின்தங்கிய பிள்ளைகளையும் ஒவ்வொரு வினாவிலும் ஒப்பிடுவது. 1939இல் அமெரிக்க உளவியலாளர் ட்றூமன் கெலி முன்வைத்த முறைப்படி, மொத்தப் புள்ளி வரிசையில் மேல் 27 சதவீதத்தையும் கீழ் 27 சதவீதத்தையும் எடுப்பார்கள். 25 பேர் உள்ள வகுப்பில் அது மேலே ஏழு பேர், கீழே ஏழு பேர். கீழ்க் குழு மேல் குழுவைவிட அதிகமாகச் சரியாக்கிய வினா ஏதும் இருந்தால், பிள்ளைகளைக் குறை கூறும் முன் வினாவையும் விடைத்திட்டத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நம் பாடசாலைகளில் வகுப்புகள் சிறியவை. 25 பேரில் ஒரு பிள்ளையே 4 சதவீதம். சித்தி வீதம் 72இலிருந்து 80க்கு உயர்ந்தது என்று கூட்டத்தில் பெருமையுடன் அறிவிக்கப்படும்போது, உண்மையில் உயர்ந்தவர்கள் இரண்டு பிள்ளைகள். அந்த இரண்டு பிள்ளைகளின் உயர்வு மகிழ்ச்சிக்குரியது, ஆனால் அதை வைத்து ஓர் ஆசிரியரைப் பாராட்டவோ கண்டிக்கவோ கூடாது. ஆகவே பயிற்சியில் சதவீதம் காட்டும் இடமெல்லாம் பக்கத்தில் தலைகளின் எண்ணிக்கையையும் காட்டுங்கள்.

உண்மைப் புள்ளிகளைத் திரையில் காட்டாமல் கற்பனை வகுப்பை நாடியதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளை ஒருவர் பற்றிய தரவைக் கூடுதல் கவனத்துடன் கையாளவேண்டிய விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், லயத்தில் ஒருவர் வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும் ஊரில், நிலை வரிசைப் பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போட்டால் கடைசியில் நிற்கும் பிள்ளை அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக்கூடத் தலைநிமிர்ந்து போக முடியாது. நிலை நிரலை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ‘அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும்’ என்றொரு நிரலை வையுங்கள். ஆசிரியர் அதைத் தன் கையால் நிரப்பட்டும்.

பதில் 3
எழுதியவர்: நானுஓயா, ஒரு தாய்

நான் ஆசிரியை அல்ல, தரம் 8இல் படிக்கும் பிள்ளையின் தாய். பெற்றோரைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். வேதாளமும் குட்டிச்சாத்தானும் கதைகளில் வருபவை, அவற்றால் யாருக்கும் மனவருத்தம் வராது. ஆனால் முனியாண்டி, மாடசாமி போன்ற பெயர்களைப் பிள்ளைகள் விளையாட்டாகச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டீச்சர். தோட்டத்தில் அவை நாங்கள் கும்பிடும் காவல் தெய்வங்கள், அவற்றைப் பேய் வரிசையில் வைத்தால் பெரியவர்கள் பொறுக்கமாட்டார்கள். அதேபோல நவம்பர் 2ஆம் திகதி இறந்தவர்களை நினைந்து கல்லறைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பங்களும் நம்மிடையே உண்டு என்பதால், கல்லறை, சவப்பெட்டிப் படங்களைத் தவிர்ப்பது நல்லது.

பூசணிக்காய் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீடுகளில் அது கறிக்கு ஆகவேண்டிய காய். அதோடு முகம் வெட்டிய பூசணியைப் பாடசாலை வாசலில் வைத்தால் திருஷ்டி கழித்ததாக நினைப்பார்கள். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் முற்காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள் என்றும், அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களே பூசணிக்கு மாறினார்கள் என்றும் வாசித்திருக்கிறேன். அப்படியானால் டர்னிப்பைப் போல உருண்டையான எங்கள் தோட்டத்து நோக்கோல் ஒன்றை ஆசிரியரே குடைந்து, மெழுகுவர்த்திக்குப் பதிலாகச் சிறு மின்விளக்கு வைத்துக் காட்டினால் போதுமே. மற்றவற்றைப் பிள்ளைகள் காகிதத்தில் வரைந்துகொள்வார்கள்.

எழுதியவர்: தலவாக்கலை ஆசிரியை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. வினாவாரி நிரல்களுடன் பேய் வகுப்பை அமைக்கிறேன். நிலை நிரலை எங்கள் உண்மையான கோப்பிலிருந்தும் நீக்க அதிபரிடம் பேசுகிறேன். பெயர்களை நானே தெரிந்து கொடுப்பேன். ஹட்டன் சேருக்கு ஒரு கேள்வி: எங்கள் பழைய பெயர்ப் பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றைப் புதிய கோப்புடன் எப்படி இணைப்பது?

எழுதியவர்: ஹட்டன் கணித ஆசிரியர்

டீச்சர், பாமினியில் உள்ள பெயர் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், அகர வரிசையும் தேடலும் பிழையாகவே வரும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, பெயர் நிரலை மட்டும், தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிள்ளைகளின் பெயர்கள் என்பதால் இணையத்தள மாற்றிகளில் ஒட்டாமல், கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். பிறகு சேர்வு இலக்கத்தை வைத்து வரவு இடாப்புடன் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஸ்ரீ, ஷ, ஜ வரும் பெயர்களையும் ஆங்கிலத்தில் தட்டெழுதிய முதலெழுத்துகளையும் இரண்டு முறை பாருங்கள், மாற்றி பெரும்பாலும் அங்கேதான் தடுமாறும்.