அலாஸ்கா மரப்படகு: செதுக்கி முடிச்சப்புறம் உள்ள ஏன் சுட்ட கல்லு போடறாங்க?

சும்மாவந்தவன்:
நேத்து ராத்திரி ஒரு வீடியோ பாத்தேன், தென்கிழக்கு அலாஸ்கால டிலிங்கிட்டோ கிளிங்கிட்டோ, அந்த மக்கள் ஒரே மரத்த குடைஞ்சு படகு செய்றாங்க. எல்லாம் செதுக்கி முடிச்சிட்டு உள்ள தண்ணிய ஊத்தி, நெருப்புல பழுத்த கல்ல எடுத்து போட்டு, தார்ப்பாயால மூடறாங்க. மரம் வெடிச்சிடாதா? கடல்ல இறக்கறப்ப பெரியவங்க அழறாங்க, அது எதுக்கு?

மரத்தூள்:
கிளிங்கிட்னு சொல்லலாம். வெடிக்க சான்ஸ் இருக்குங்க, அந்த நாள் எல்லாருக்கும் வயித்துல புளிய கரைக்கும். மரம் எவ்ளோ அகலமோ அவ்ளோதான் படகு, அது கடலுக்கு பத்தாது. ஆவில மரம் இளகினதும் ரெண்டு பக்கத்தையும் விரிச்சு குறுக்குக்கட்டை குடுத்திருவாங்க, ஆறினா அப்படியே நின்னுரும். விரியறப்ப நடு விளிம்பு தாழும், ரெண்டு முனையும் எழும்பும், அத முன்னாடியே மனசுல கணக்கு போட்டுத்தான் வாய்ச்சிய கையிலயே எடுக்கணும். கனம் சீரா இல்லன்னா ஒரு எடம் வளையும், இன்னொரு எடம் பிளந்துக்கும். அதுக்குத்தான் வெளியிலேருந்து அளவா துளை போட்டு சின்ன மரமுளை அடிச்சு வச்சிட்டு உள்ள செதுக்கிட்டே வருவாங்க, முளை நுனி தெரிஞ்சா அங்க கைய வைக்கக்கூடாது.

உப்புக்காத்து:
எல்லாமே செடார் மரம்னு நெனச்சிராதீங்க. செஞ்செடார் தெக்குப்பக்கம்தான் வளருது, வடக்கே ஹூனா ஊர்ப்பக்கமெல்லாம் ஸ்ப்ரூஸ்ங்கிற வேற ஊசியிலை மரத்துல குடைவாங்க.

ராக்கோழி:
வீடியோ ஆங்கூன் ஊரா இருந்தா அழுகைக்கு காரணம் இருக்கு. 1882 அக்டோபர்ல திமிங்கல வேட்டைல ஈட்டித்துப்பாக்கி வெடிச்சு அவங்க மந்திரவாதி ஒருத்தர் செத்துட்டார். அவங்க வழக்கப்படி 200 கம்பளி நஷ்டஈடு கேட்டாங்க. அமெரிக்க கடற்படை வந்து, நீங்கதான் 400 கம்பளி அபராதம் கட்டணும்னுச்சு! கட்ட முடியல, ஊரையே குண்டு போட்டு எரிச்சு, குளிருக்கு சேத்து வச்ச சாப்பாட்டையும் படகுகளையும் அழிச்சிட்டாங்க. ஆறு குழந்தைங்க செத்துச்சு. அன்னிக்கு ஊர்ல இல்லாத ஒரு படகு மட்டும் தப்பிச்சுது, அந்த குளிர்காலத்துல மிச்சம் இருந்தவங்களுக்கு அதுதான் சோறு போட்டுச்சு. பின்னாடி அது விரிசல் விட்டப்ப மனுஷனுக்கு செய்ற மாதிரி தகனம் பண்ணாங்க. அணியத்துல, அதாவது படகோட முன்முனைல, இருந்த பீவர் (நீர்நாய் மாதிரி மரத்த கொறிக்கிற விலங்கு) சிற்பத்த மட்டும் வச்சிருந்தாங்க, அது எப்படியோ நியூயார்க் மியூசியத்துக்கு போய், 1999லதான் கண்டுபிடிச்சு ஊருக்கு கொண்டாந்தாங்க. 2023ல வெய்ன் பிரைஸ்ங்கிற செதுக்கறவர் கூட சேந்து ஸ்கூல் பசங்க புதுசா ஒண்ணு குடைஞ்சு கடல்ல இறக்கினாங்க. கடற்படை மன்னிப்பு கேட்டது 2024 அக்டோபர்ல, 142 வருஷம் கழிச்சு. ரொம்ப சீக்கிரம்!

சும்மாவந்தவன்:
ஆங்கூன்தான், கீழ பேர் போட்டிருக்கான். வீடியோவ மறுபடி ஓட்டி பாத்தேன், அந்த முளை நுனிதான் உள்ள முழுக்க புள்ளி புள்ளியா இருக்குல்ல, நான் வண்டு அரிச்சதுன்னு நெனச்சிட்டேன்.