பாட்டி திருத்திய ‘நாங்கள்’

கடலோடி:
பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் குவாம் தீவில் மூன்று வருடம் கட்டுமான வேலையில் இருந்தேன். சைட்டில் கூட வேலை பார்த்த பையன் அந்தத் தீவின் பூர்வகுடியான சமோரு இனம். இருபத்துமூன்று வயது. பேச்செல்லாம் ஆங்கிலம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முணுமுணுப்பான். கேட்டதற்கு, “என் சொந்த பாஷைதான், இப்போதான் படிக்கிறேன்” என்றான்.

அவன் பாட்டி சமோரு பேசியே வளர்ந்தவர். ஆனால் பெற்ற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 1917-ல் அமெரிக்கக் கடற்படை நிர்வாகம் சமோரு பேசத் தடை போட்டது. பிறகு அகராதிகளைக்கூடத் திரட்டிக் கொளுத்தினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னும் பள்ளிகளில் அந்தக் கெடுபிடி ஓயவில்லை. வாயில் சமோரு வந்தால் அடி, இல்லையென்றால் அபராதம். தான் பட்டதைப் பிள்ளைகள் படவேண்டாம் என்று பாட்டி நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போனான். நுழைந்ததும் பாட்டியின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். பெரியவர்களுக்கு அங்கே அப்படித்தான் மரியாதை செய்வார்கள். சிவப்புச் சோறு, எலுமிச்சையும் தேங்காயும் சேர்த்த கோழி கெலாகுவன், வயிறு நிறையச் சாப்பாடு. அதற்கப்புறம் நோட்டில் எழுதிப் பழகிய வாக்கியத்தைப் பாட்டியிடம் சொன்னான்: “மன்சமோரு ஹம்.”

பாட்டி தலையை ஆட்டி, “ஹித்” என்றார்.

அவன் முகம் சுருங்கிப்போனது. ‘ஹம்’ என்றால் கேட்பவரைச் சேர்க்காத ‘நாங்கள்’. ‘ஹித்’ என்றால் ‘நாம்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவனுக்கு அது பிடிபடவில்லை. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “நாங்கள் சமோரு” என்று சொந்தப் பாட்டியிடமே சொல்லி, அவரை வெளியே நிறுத்திவிட்டான். திரும்பச் சொல்லச் சொன்னார். “மன்சமோரு ஹித்.” பாட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தவர் ரொம்ப நேரம் விடவில்லை.

நிலாமுற்றம்:
சான் டியேகோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சமோரு. தாத்தா கடற்படையில் சேர்ந்து இங்கே வந்தவர். குவாமில் இருப்பவர்களைவிட அமெரிக்கப் பெருநிலத்தில் இருக்கிற சமோருக்கள்தான் அதிகம். தாத்தா எண்ணினால் ஊனோ, தோஸ், த்ரெஸ். ஸ்பானியர் ஆண்ட காலத்தில் சொந்த எண்கள் புழக்கத்தில் இருந்து போய்விட்டன. இவளோ ஹாச்சா, ஹூக்வா, தூலு, ஃபத்ஃபத், லீமா என்று பழைய எண்களைச் சொல்லி மாடிப்படி ஏறுவாள். “இதெல்லாம் நாங்க பேசின பேச்சே இல்ல” என்று தாத்தா கோபித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவர் நாவில் வாழ்ந்த மொழி அதுதானே. ஆனால் ஒருநாள் ஒன்பதாம் படியில் அவள் ‘சிக்வா’ என்று நின்றபோது, “அடுத்தது என்ன?” என்று கேட்டார். “மானொத்” என்றாள்.

தென்னங்கீற்று:
குவாமில் காட்டுக்குள் நுழையுமுன் கூட வந்த பையன் எங்களை நிறுத்தி, “குவேலா யன் குவேலோ” என்று முன்னோரான பாட்டி, தாத்தாவை அழைத்து அனுமதி கேட்டான். அவனுக்குத் தெரிந்த சமோரு அந்த வேண்டுதல் மட்டும்தான். கடலோடி, உங்கள் பையன் இன்னும் படிக்கிறானா?

கடலோடி:
படிக்கிறான். வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புவான். போன மாதம் வந்ததில் பின்னால் இன்னொரு குரல், அவன் சொல்வதைத் தட்டுத்தடுமாறித் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அப்பா.