பொலிஸ் அனுப்பின 11 நிபந்தனைக்கும் ஓம் எண்டு எழுதிக் குடுக்கலாமோ? (கடை லைசன்ஸ், இங்கிலாந்து)

புதுக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில சின்னக் கடை ஒண்டு எடுத்து நாலு மாசம். பால், பாண், பேப்பர் எல்லாம் ஓடுது. பியர், வைன் இல்லாமல் வாடகை கட்டேலாது எண்டு விளங்கினாப் பிறகு கவுன்சிலுக்கு மது லைசன்ஸ் அப்ளிகேஷன் போட்டனான். கடை 'பி' பாண்டில (கட்டணப் படி) வருது, 190 பவுண்ஸ் கட்டினன். பேர்சனல் லைசன்ஸ் (கடைக்கு இல்லை, ஆளுக்குக் குடுக்கிறது) என்னட்ட இருக்கு, டிபிஎஸ்சும் (கடையில மது விற்பனைக்குப் பொறுப்பான ஆள்) நான்தான். கேட்ட நேரம் காலை 6 தொடக்கம் இரவு 11, அதாவது கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க.

நீல நோட்டிஸ் ஒட்டி முதல் மூண்டு கிழமை ஒரு சத்தமும் இல்லை. கடைசிக் கிழமை எல்லாம் ஒண்டா வந்திறங்கிச்சு. பக்கத்து வீடுகளில ஆறு பேரின்ர எதிர்ப்பு. இதே றோட்டில கடை வச்சிருக்கிற ஒராள் 40 கையெழுத்தோட பெட்டிஷன் குடுத்திருக்கிறார், "ஏற்கெனவே மூண்டு கடை இருக்கு, நாலாவது ஏன்" எண்டு. அதோட பொலிஸும்.

பொலிஸ் ஈமெயில் மரியாதையாத்தான் இருக்கு: "இந்த 11 நிபந்தனையையும் ஏற்றால் எங்கட எதிர்ப்பை வாபஸ் வாங்கிறம், வெள்ளிக்கிழமைக்கு முதல் பதில் தாங்கோ." கமராப் பதிவு 31 நாள், சலேஞ்ச் 25 (25 வயசுக்குக் கீழ மாதிரித் தெரிஞ்சால் ஐடி கேக்கிறது), மறுத்த விற்பனைக்குக் கொப்பி, ஆறு மாசத்துக்கு ஒருக்கால் வேலை ஆக்களுக்குப் பயிற்சி, 6.5 வீதத்துக்கு மேல பியர், சைடர் இல்லை, தனிக் கான் விக்கேலாது, ஸ்பிரிற் எல்லாம் கவுண்டருக்குப் பின்னால, விற்பனை நடக்கிற நேரம் முழுக்க பேர்சனல் லைசன்ஸ் உள்ள ஒராள் கடையில நிக்கவேணும், வெள்ளி சனி இரவில செக்கியூரிற்றி காட்... இப்பிடிப் போகுது. கவுன்சில் கொமிற்றி விசாரிக்கிற ஹியரிங்குக்கு ரெண்டு கிழமை கூட இல்லை. மனிசி சொல்லுறா "கையெழுத்து வச்சுக் குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ" எண்டு. என்ன செய்யிறது?

சந்தியடிக் கடை:

தம்பி, இன்னும் அனுப்பேல்லத்தானே? அனுப்பாதேங்கோ.

நான் அப்பிடித்தான் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாத்துக்கும் ஓம் எண்டு எழுதினனான். அதிலயும் உதே நிபந்தனை இருந்தது, லைசன்ஸ் உள்ளவர் எப்பவும் கடையில நிக்கவேணும் எண்டு. எங்கட கடையில லைசன்ஸ் இருந்தது எனக்கு மட்டும். பிறகு மாமா மோசம் போய் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போயிட்டன். மருமகன் ரில்லில நிக்கேக்க ஒபிசர் ரெண்டு பேர் வந்து ஃபைலைக் கேட்டிருக்கினம். பெடியன் ஒரு பிழையும் விடேல்ல, ஆரின்ர வயசையும் கேக்காமல் விக்கேல்ல. ஆனால் நான் அங்க இல்லை, அவ்வளவுதான் பிழை. வோர்னிங் கடிதம் ஊருக்கு வாட்ஸ்அப்பில வந்தது, அந்தியேட்டிக்கு முதல்நாள்.

சட்டம் கேக்கிறது வேற. ஒவ்வொரு விற்பனையும் பேர்சனல் லைசன்ஸ் உள்ளவர் செய்யவேணும், அல்லாட்டி அவர் அனுமதி குடுத்திருக்கவேணும். பக்கத்தில நிண்டு பாக்கவேணும் எண்டு இல்லை. இன்னாருக்கு இன்ன திகதியில இருந்து அனுமதி குடுத்திருக்கிறன் எண்டு எழுதிக் கையெழுத்து வச்சு ஃபைலில வைச்சால் காணும். பொலிஸ் கேக்கிறது அதுக்கு மேல ஒரு படி.

பேப்பர்வேலை அக்கா:

சந்தியடி அண்ணை சொன்னது சரி. லைசன்ஸ் பேப்பர் வேலைதான் என்ர தொழில், அதால கொஞ்சம் நீட்டி எழுதிறன்.

முதல், உங்களுக்கு முன்னால இருக்கிறது ரெண்டு வேற விஷயம். லைசன்ஸ் கிடைக்குமோ எண்டது ஒண்டு. என்ன நிபந்தனையோட கிடைக்கும் எண்டது மற்றது. எல்லாரும் முதலாவதுக்கு நித்திரை கொள்ளாமல் இருக்கினம், ரெண்டாவதில விழுகினம். நிபந்தனை லைசன்ஸில ஏறினால் லைசன்ஸ் இருக்கும்வரை இருக்கும், கடையை வித்தால் வாங்கினவருக்கும் போகும். நிபந்தனையை மீறி விக்கிறதும் லைசன்ஸ் இல்லாமல் விக்கிறதும் 2003ஆம் ஆண்டு லைசன்சிங் சட்டத்தில ஒரே பிரிவு, 136. உச்சத் தண்டனை ஆறு மாசச் சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது ரெண்டும். பிறகு கழட்டவேணும் எண்டால் பெரும்பாலும் முழு வேரியேஷன் (லைசன்ஸை மாத்தக் கேக்கிற அப்ளிகேஷன்) போடவேணும், திரும்ப அதே 190, திரும்ப நீல நோட்டிஸ், திரும்ப 28 நாள்.

எதிர்ப்புகளைப் பற்றி. கொமிற்றி பாக்கக்கூடியது நாலு நோக்கம் மட்டும்: குற்றமும் ஒழுங்கீனமும் தடுக்கிறது, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுக்கிறது, பிள்ளையளுக்குத் தீங்கு வராமல் பாக்கிறது. "நாலாவது கடை தேவையோ" எண்டது வியாபாரக் கேள்வி, அது கொமிற்றியின்ர வேலை இல்லை. குடி கூடாது எண்ட ஒழுக்கக் காரணமும் அப்பிடித்தான். ஆனால் ஒண்டு பாருங்கோ: கவுன்சிலின்ர லைசன்சிங் பொலிசியில உங்கட றோட்டு 'கியூமியுலேற்றிவ் இம்பாக்ட்' பகுதிக்குள்ள வருதோ? வந்தால் கதை மாறும். அங்க கடை கூடிப்போனதே பிரச்சினை எண்டு கவுன்சில் ஆதாரத்தோட முடிவெடுத்திருக்கும், என்ர கடையால அந்தப் பிரச்சினை இன்னும் பெருகாது எண்டு நீங்கள்தான் காட்டவேணும். வராட்டி அந்த 40 கையெழுத்தைப் பற்றி நித்திரை முழிக்காதேங்கோ.

நேரம்: அரசாங்கத்தின்ர 182ஆம் பிரிவு வழிகாட்டியிலயே இருக்கு, கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க மதுவும் விக்க விடுறதுதான் வழமை, வேற நல்ல காரணம் இருந்தால் ஒழிய எண்டு. அதைப் பிரின்ற் எடுத்து வையுங்கோ. பயம் மட்டும் காணாது, ஆதாரம் வேணும் எண்டதுக்கு 2008இல ஹைகோர்ட்டில வந்த தெய்ட்ஸ் வழக்கும் இருக்கு. ஆனால் அதைக் கவுன்சிலர்மாருக்கு முன்னால தூக்கிப் பிடிச்சுச் சண்டைக்குப் போகாதேங்கோ. நான் பாத்த அளவில வழக்குப் பேர் சொல்லுற கடைக்காரரை ஒருத்தருக்கும் பிடிக்கிறேல்ல.

இனி அந்த 11. கமரா, சலேஞ்ச் 25, கொப்பி, பயிற்சி: கண்ணை மூடிக்கொண்டு ஓம். ஸ்பிரிற் கவுண்டருக்குப் பின்னால: ஓம், களவுக்கும் நல்லது. 6.5 வீதம்: ஓம், ஆனால் கிராஃப்ட் பியருக்கு விலக்குக் கேளுங்கோ, கனபேருக்குக் குடுத்திருக்கினம். தனிக் கான்: உங்கட வாடிக்கையாளரைப் பொறுத்தது. லைசன்ஸ் உள்ளவர் எப்பவும் நிக்கிறது: இல்லை. வேணுமெண்டால் வெள்ளி சனி இரவு 8க்குப் பிறகு மட்டும் எண்டு கேளுங்கோ. செக்கியூரிற்றி காட்: இந்த அளவுக் கடைக்கு என்ன ஆதாரத்தில கேக்கினம் எண்டு மரியாதையாக் கேளுங்கோ. எழுத்தில கேளுங்கோ.

நீங்கள் வாறியள் எண்டு கவுன்சிலுக்கு அறிவிக்க ஹியரிங்குக்கு 5 வேலைநாள் முதல்தான் கடைசி. பேப்பர்கள் எல்லாம் முன்னமே அனுப்புங்கோ. அண்டைக்குக் கையில கொண்டுபோனால் மற்றப் பக்கம் எல்லாரும் சம்மதிச்சால்தான் எடுப்பினம்.

புதுக்கடை:

அக்கா, கோடி நன்றி. பொலிசி பாத்திட்டன், எங்கட றோட்டு அதில இல்லை.

ஆனால் ஒரு கூத்து. நீங்கள் கமராவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓம் எண்டு சொன்னியள். நான் சும்மா ஒருக்கால் பெட்டியைத் திறந்து பழைய பதிவைத் தேடினன். 9 நாள்தான் இருக்கு! அதுக்கு முதல் ஒண்டும் இல்லை, மேல மேல எழுதி அழிச்சுக்கொண்டு போகுது. பழைய முதலாளி போட்டுவிட்ட ஹார்ட் டிஸ்க், சின்னன். போதாக்குறைக்கு நேரம் ஒரு மணித்தியாலம் பிந்திக் காட்டுது, கோடைகால நேரம் மாத்தேல்ல. கையெழுத்து வச்சிருந்தால் முதல்நாளே மீறல்.

பேப்பர்வேலை அக்கா:

கண்ணைத் திறந்துகொண்டு ஓம் எண்டு திருத்தி வாசியுங்கோ. பெரிய டிஸ்க் போட்டு, பதிவைக் கொப்பி எடுத்துக் குடுக்க ரில்லில நிக்கிற எல்லாருக்கும் தெரியுமோ எண்டும் பாருங்கோ. ஒபிசர் வந்து கேக்கேக்க "முதலாளிக்குத்தான் பாஸ்வேர்ட் தெரியும்" எண்டு சொன்னால் அதுவும் பிழைதான்.

எதிர்ப்பக்கத்து ஆள்:

நான் கடைக்காரன் இல்லை. போன வருஷம் எங்கட தெருமுனையில ஒரு கடைக்கு எதிராக் கடிதம் எழுதின ஆள். அவரும் தமிழர்தான், அதால கொஞ்சம் கதைபேச்சு விட்டுப்போச்சு. எங்கட பக்கத்தையும் ஒருக்கால் கேளுங்கோ.

எங்களுக்கு உங்கட லைசன்ஸில கோபம் இல்லை. எங்கட வீட்டு மதில் கடையில இருந்து நாலாவது. சனிக்கிழமை விடிய வாசல் திறந்தால் மதிலுக்கு மேல வரிசையா நாலு கான், படிக்கட்டில மூத்திர மணம், பிள்ளையின்ர சைக்கிள் கூடைக்குள்ள உடைஞ்ச போத்தல். அது வேற கடையில வாங்கினது எண்டு எனக்கும் தெரியும். ஆனால் 11 மணி வரை இன்னொரு கடை எண்டவுடன கை தானாக் கடிதம் எழுதிச்சு.

அந்த மனிசன் ஒருக்கால் எண்டாலும் கதவில தட்டி "என்ன பிரச்சினை?" எண்டு கேட்டிருந்தால் நான் வாபஸ் வாங்கியிருப்பன். அவர் சொலிசிட்டரை அனுப்பினார். எதிர்ப்புக் கடிதங்களின்ர கொப்பி உங்களிட்ட வந்திருக்கும். ஆத்திரப்படாமல் வாசிச்சு, போய்க் கதையுங்கோ.

சந்தியடிக் கடை:

இது நல்ல யோசனை, ஆனால் கவனம். தனியப் போகாதேங்கோ, இரவில போகாதேங்கோ, "வாபஸ் வாங்குங்கோ" எண்டு கேக்கவே கேக்காதேங்கோ. மிரட்டினார் எண்டு ஆரும் ஹியரிங்கில சொன்னால் முடிஞ்சுது. கவுன்சிலின்ர லைசன்சிங் ஒபிசருக்கூடாகக் கடிதம் குடுக்கிறது இன்னும் நல்லது.

கிளாஸ்கோ வாசி:

இதை ஸ்கொட்லாந்தில இருந்து வாசிக்கிறவைக்கு: உங்களுக்கு இது பொருந்தாது. இங்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் வேற. ஐந்தாவதா பொதுச் சுகாதாரமும் ஒரு நோக்கம். 'ஓவர்புரொவிஷன்' எண்டு, கடை கூடிப்போச்சு எண்ட காரணத்துக்கே மறுக்கலாம். கடையில மது விக்கிறது காலை 10 தொடக்கம் இரவு 10 வரைதான், அதுக்கு மேல கேட்டும் பிரயோசனம் இல்லை. 2018 மே மாசத்தில இருந்து மது யூனிற்றுக்கு (மதுசார அளவு) சட்டம் வச்ச குறைஞ்சபட்ச விலையும் இருக்கு, 50 பென்ஸ் இருந்தது 2024 செப்ரெம்பர் கடைசியில 65 ஆச்சு. லண்டன் மச்சான் சொன்னதை நம்பி இங்க அப்ளிகேஷன் நிரப்பின ஒராளை எனக்குத் தெரியும். (நான்தான்.)

கோயமுத்தூர்க்காரன்:

நம்ம ஊர்ல 2003ல இருந்து மது சில்லறை விற்பனை மொத்தமும் அரசாங்க டாஸ்மாக் கையில. மளிகைக் கடையில பீர் விக்கிறதுக்கு கவுன்சிலருங்க உட்கார்ந்து விசாரிக்கிறாங்கன்னு படிக்கவே புதுசா இருக்குங்க. முடிவு என்னாச்சுன்னு கண்டிப்பா சொல்லுங்க.

புதுக்கடை:

முடிவு சொல்ல வந்தனான்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் பொலிஸுக்கு எழுதினன்: ஒன்பதுக்கு ஓம், ரெண்டுக்குக் காரணத்தோட இல்லை. அடுத்தநாளே பொலிஸின்ர லைசன்சிங் ஒபிசர் ஃபோன் எடுத்தா. காட் நிபந்தனையை உடன கைவிட்டா, அது எல்லாருக்கும் அனுப்புற லிஸ்டில இருந்து வந்ததாம்! மற்றது வெள்ளி சனி இரவு 8க்குப் பிறகு மட்டும் எண்டு ஒத்துவந்தது. மனிசியும் இப்ப பேர்சனல் லைசன்ஸ் கோர்ஸுக்குப் பதிஞ்சிட்டா, லைசன்ஸ் கட்டணம் 37 பவுண்ஸையும் கட்டிவிட்டால் வீட்டில ரெண்டு பேரிட்ட இருக்கும். பொலிஸ் வாபஸ்.

ஆறு வீட்டுக்காரருக்கும் கவுன்சில் ஒபிசருக்கூடாகக் கடிதம் குடுத்தன். ரெண்டு பேர் வாபஸ். மிச்சம் நாலு பேரும் பெட்டிஷனும் இருந்தபடியால் ஹியரிங் நடந்தது. மூண்டு கவுன்சிலர்மார். ஒரு வயசு போன அம்மா படங்கள் அனுப்பியிருந்தா, பஸ் தரிப்பிடத்துக்குக் கீழ போத்தல்கள். நடுவில இருந்தவர் கேட்டார், "இவர் இன்னும் விக்கத் தொடங்கேல்லையே?" எண்டு. அந்த அம்மா சொன்னா, "அதுதான், தொடங்க முதல் சொல்லுறன்." எனக்கே சிரிப்பு வந்திட்டுது, அடக்கிக்கொண்டன். என்ர முறை வரேக்க, ஒவ்வொரு இரவும் பூட்ட முதல் பஸ் தரிப்பிடம் வரை கூட்டி அள்ளுறன், அதை நிபந்தனையாவே எழுதுங்கோ எண்டு சொன்னன். அண்டைக்கு என்ர வாயால வந்த ஒரே உருப்படியான வசனம் அது எண்டு நினைக்கிறன்.

பெட்டிஷன் குடுத்த கடைக்காரர் "போட்டி" எண்ட சொல்லை எடுத்தவுடனயே சட்ட ஆலோசகர் நிப்பாட்டிப்போட்டார்.

கிடைச்சிட்டுது. காலை 8 தொடக்கம் இரவு 10:30. பதினொரு மணி வரை வேணும் எண்டு அப்பீல் கேக்க 21 நாள் இருக்கு, அந்த அரை மணித்தியாலத்துக்கு கோர்ட்டுக்குப் போக எனக்கு விசர் இல்லை.

ஒரு கடைசிச் சந்தேகம்: முடிவு வாயால சொன்னவை, பேப்பர் இன்னும் வரேல்ல. ஹோல்சேல்காரர் வெள்ளிக்கிழமை சாமான் இறக்கிறன் எண்டு நிக்கிறார். தட்டில அடுக்கி வச்சிட்டு, பேப்பர் வந்தாப் பிறகு விக்கலாம்தானே?

பேப்பர்வேலை அக்கா:

ஹோல்சேல்காரரின்ர வானை நிப்பாட்டுங்கோ! விக்கிறது மட்டும் இல்லை, அனுமதி இல்லாமல் விற்பனைக்கு எண்டு தட்டில வைக்கிறதே தனிக் குற்றம், 137ஆம் பிரிவு. விக்கிற நோக்கத்தோட ஸ்டோரில வச்சிருக்கிறதுக்கும் 138 இருக்கு. பேப்பர் வந்தவுடன அதில பேர், நேரம், நிபந்தனை எல்லாம் சொன்னமாதிரி இருக்கோ எண்டு வரி வரியா வாசியுங்கோ, எழுத்துப்பிழை வாறது புதினம் இல்லை. சுருக்கப் பக்கத்தை ஆக்கள் பாக்கிற இடத்தில மாட்டவேணும்.

புதுக்கடை:

ஃபோன் எடுத்து நிப்பாட்டியாச்சு. அடுத்த செவ்வாய்க்கு மாத்தினவர், கொஞ்சம் முறைச்சுக்கொண்டுதான்.