சுனாமிக்குப் பிறகு இடிபாடு அள்ளப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

நாகூர்க்காரன்:

2004 சுனாமி பற்றிப் பேச்சு எடுத்தாலே அலை எவ்வளவு உயரம், யார் எங்கே நின்றார்கள் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அப்புறம் கிடந்த குவியலை எல்லாம் யார் அள்ளினார்கள், எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாகப்பட்டினத்து மீனவர் ஊர்களான அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் அள்ளப் போனவன் என்பதால் நானே ஆரம்பிக்கிறேன்.

முதலில் குப்பை என்ற பேச்சே கிடையாது, உடல்களைத் தேடுவதுதான் வேலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பொக்லைன் பக்கெட்டை இறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் ஒருவர் குனிந்து பார்த்து "சரி, போடு" என்று சொல்ல வேண்டும். சீமைக்கருவேல் புதர்தான் பெரிய கொடுமை. அலை அடித்துவந்த நைலான் வலை முள்ளோடு சுற்றிக்கொண்டு, அதற்குள் பாய், துணி, பாத்திரம், சில இடங்களில் ஆளும். வண்டி வைத்து இழுத்தால் எல்லாம் சேர்ந்து கிழிந்துகொண்டு வரும், அரிவாளால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துத்தான் எடுக்க முடியும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றி வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பலருக்குக் கையுறைகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் தூக்கிய கையோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை.

படகு சமாச்சாரம் தனி. விசைப்படகு பாலத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது, ஃபைபர் படகு வீட்டுக்கூரை மேல் கிடந்தது. கிரேன்காரர் கம்பிவடத்தைச் சுற்றித் தூக்கினால் பாதி உடைந்த படகு முழுசாகப் பிளந்துவிடும், அகலமான பெல்ட் போட்டால் தப்பிக்கும். எந்தப் படகு தேறும், எது விறகு என்று மீனவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் வண்டி பக்கத்தில் மீனவர் நிற்கவே முடியாத நாட்களும் இருந்தன, கயிறு கட்டி எல்லாரையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் அள்ளினார்கள்.

இன்னொன்று, நிவாரணமாக வந்த பழைய துணி. ஊர் ஊராக மூட்டை கட்டி அனுப்பியதை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள், வாங்க ஆளில்லை. அலை போட்ட குப்பையோடு நல்ல மனசுக்காரர்கள் போட்ட குப்பையையும் சேர்த்து அள்ள வேண்டியதாகிவிட்டது.

மீன்கூடை:

அண்ணே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவள் நான். எங்களை எல்லாம் ஊருக்குள் கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள், திரும்பிப் போய்ப் பார்த்தால் எங்கள் தெருவில் முதல் வரிசை வீடுகள் இருந்த இடம் மைதானமாகக் கிடக்கிறது. ரேஷன் கார்டு, பத்திரம், மாமாவின் படகு இன்ஜின் எல்லாம் அந்த லாரியிலேயே போய்விட்டது. உப்புத்தண்ணீரில் ஊறிய இன்ஜினை உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, டீசல் ஊற்றிக் கழற்றிப் போட்டால் ஓரளவு பிழைக்கும், விட்டுவிட்டால் இறுகிவிடும். அது அள்ள வந்தவர்களுக்கு எப்படித் தெரியும், அவர்களுக்கு அது இரும்பு.

அப்புறம் எங்கள் பஞ்சாயத்தார் போய்ச் சண்டை போட்டு, அந்தந்தத் தெருப் பெண்கள் பார்த்து முடித்த பிறகுதான் வண்டி வரணும் என்று பேசி முடித்தார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும்தான் அதிகம் நகராமல் கிடந்தன, அதை வைத்துத்தான் இது இன்னார் வீடு என்று அடையாளம் பிடித்தோம். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டி வைக்கிற பழக்கம் அன்றைக்குத்தான் உதவியது. என் சீர்வரிசை அண்டா அடுத்த ஊர் உப்பாற்றங்கரையில் ஒடுங்கிப்போய்க் கிடந்ததாம், என் பேரும் கல்யாணத் தேதியும் இருந்ததால் யாரோ விசாரித்து அனுப்பி வைத்தார்கள். ஒடுக்கெடுத்து இன்னும் தண்ணீர் பிடிக்கிறேன்.

சென்டாய்த் தமிழன்:

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு இஷினோமாகி என்ற துறைமுக ஊரில் சேறு வாரப் போயிருக்கிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழக மைதானத்தில்தான் தன்னார்வலர்கள் முகாம். பூட்ஸுக்குள் இரும்புத் தகடு வைக்காமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள், எங்கே பார்த்தாலும் ஆணி. சேறு என்றால் நம் வயல் சேறு இல்லை, கறுப்பாக, எண்ணெயும் அழுகிய மீனும் கலந்தது, துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்குகளில் இருந்த மீனெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டதல்லவா. மண்வெட்டியில் போட்டோ ஒன்று மாட்டினால்கூட வேலையை நிறுத்தித் தனிப் பெட்டியில் போடச் சொல்வார்கள். அதைக் கழுவிக் காயவைத்து ஒரு கூடத்தில் பரப்பி வைப்பார்கள், ஆட்கள் வந்து தேடி எடுத்துப் போவார்கள்.

மீன்கூடை அக்கா சொன்னதைப் பார்த்ததும் பக்கத்து ஹிகாஷிமட்சுஷிமா ஊர்தான் ஞாபகம் வந்தது. அங்கே உள்ளூர் ஆட்களையே, வேலை இழந்தவர்களையும் சேர்த்து, சம்பளம் கொடுத்து உட்காரவைத்து இடிபாட்டைக் கையால் 19 வகையாகப் பிரித்தார்கள், கிட்டத்தட்ட 97 சதவீதம் மறுபடி பயன்பட்டது. 2003-இல் அந்தப் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் கண்டபடி கொட்டி, செலவு எகிறிப் பட்டபாடுதான் அதற்குக் காரணம். மற்ற இடங்களில் மரத்தையும் பாயையும் மலைபோலக் குவித்ததில் உள்ளே புழுங்கித் தானாகவே தீப்பிடித்தது, அப்புறம்தான் குவியலின் உயரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் நாகையோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை, காசும் இடமும் கையில் இருந்தால் யாரும் பிரிக்கலாம்.

வரப்புக்காரன்:

எல்லாரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள், வயலில் கிடந்ததை யார் அள்ளினார்கள்? வேளாங்கண்ணிக்குத் தெற்கே எங்கள் நிலத்தில் கடல் வண்டல் படிந்து, காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அதைச் சுரண்டி எடுத்து, உப்பை முறிக்க ஜிப்சம் போட்டு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்ததில் உப்பு ஓரளவு கழுவிக்கொண்டு போனது. ஊருக்கே வெள்ளச் சேதம், எங்களுக்கு மட்டும் அது மருந்து. கண்ணாடிச் சில்லுதான் போகவில்லை. நடவுக்கு வந்த பெண்கள் வயலுக்குள் செருப்பு போட்டு இறங்கியது அந்த வருஷம்தான்.

நாகூர்க்காரன்:

வண்டலை எங்கே போட்டீர்கள் அண்ணே? எங்கள் டிப்பர் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொட்டியது, அந்தப் பக்கம் போர்வெல் போட்டவர்கள் இப்போதும் வலைத்துண்டு வருகிறது என்கிறார்கள்.

வரப்புக்காரன்:

வரப்பை உயர்த்தினோம், வேறு எங்கே போடுவது. நாலைந்து மழைக்கு அதன்மேல் புல்லே முளைக்கவில்லை.